கொம்பன்கள் வரும் வாரம்

இவிசாக்,
ஜூன் 27

காவிகாக்குக்கு,

எப்போதும் போல "அப்பாவுக்கு" என்று ஆரம்பிக்கவில்லை. கை தவறி விட்டுப்போனது என்று நினைத்துவிடாதே. யோசித்துத்தான் விட்டிருக்கிறேன்.

என் அப்பா காவிகாக் கயாக்கில் போய்த் கடலிலிருந்து திரும்பி வராத வருடம்தான் என் தம்பிக்கு நீ பிறந்தாய். அவர் பெயரை உனக்கு வைத்தோம். பெயரோடு ஆளும் வந்துவிடுவார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொட்டிலில் கிடந்த உன்னை நான் "அப்பா" என்றேன். பேச்சு வந்ததும் நீ என்னை "மகளே" என்றாய். "மகளே, எனக்கு மூக்கத் தொடச்சு விடு" என்று நீ என் முன்னால் வந்து நின்றதை ஊரே சொல்லிச் சிரிக்கும். இத்தனை வருடமாக அந்த உறவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் கொம்பன்கள், அந்தக் கொம்புத் திமிங்கிலங்கள், வரும் வாரத்தில் என் அப்பா ஒரு கப்பலைக் கூப்பிட்டிருக்க மாட்டார். அதனால் இப்போதைக்கு நீ என் தம்பி மகன் மட்டும்தான்.

கடைக்கார நீல்ஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். "அக்கா, ஆகஸ்ட் பதினெட்டுக்குச் சுற்றுலாக் கப்பல் வருதாமே, பிஸ்கட் கூடுதலா வரவழைக்கட்டுமா?" என்று கேட்டான். கையில் இருந்த மாவுப் பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரலில் நீ வந்து கூட்டம் போட்டாய். சுவரில் படம் காட்டினாய். சின்னக் கப்பல், குப்பை போடாத பயணிகள், சொன்ன பேச்சைக் கேட்கும் கேப்டன் என்று நன்றாகத்தான் பேசினாய். கடைசியில், "ஆகஸ்ட்ல வரச் சொல்லட்டுமா?" என்றாய். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யோசித்துப் பார். உன் மாமா யூலுட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இந்த வருஷம் பனி லேட்டாத்தான் உடையும்போல" என்றார். நீல்ஸ் தெற்குக் காற்றைப் பற்றி என்னவோ சொன்னான். நான் எழுந்துபோய் எல்லோருக்கும் மறுபடி காபி ஊற்றினேன். ஒரு ஊர் இதைவிடத் தெளிவாக வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்? ஊர்ப் பிள்ளை ஆசையாக வந்து கேட்கும்போது முகத்துக்கு நேரே எவன் மறுப்பான்? இது உனக்குத் தெரியாதா?

போன ஆகஸ்டில் கூப்பிடாமல் ஒரு கப்பல் வந்ததே, அதையாவது நினைத்துப் பார்த்தாயா? ரப்பர் படகுகளை இறக்கி, குடா முழுக்கச் சுற்றினார்கள். கொம்பன்கள் குடாவின் வாய் வரை வந்துவிட்டு, இன்ஜின் சத்தம் கேட்டுத் திரும்பிப் போய்விட்டன. குளிர்காலம் முழுக்க மட்டாக் இல்லை. இருட்டு மாதங்களில் அந்தத் தோலும் கொழுப்பும் இல்லாமல், டென்மார்க்கிலிருந்து உறைந்து வந்த பன்றிக்கறியைத் தின்று கிடந்தோம். உன் மாமாவுக்கு ஈறெல்லாம் வீங்கிவிட்டது. இந்த வருடமும் இப்படியென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே போய்விடுகிறோம் என்று இரண்டு வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இருப்பதே கொஞ்சம் வீடுகள். அதில் இரண்டு போனால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் என் கோபம் போய்விடும். எனக்கு இப்போது என் கோபம் தேவைப்படுகிறது.

ஆகஸ்ட் பதினெட்டு உன் பிறந்தநாள் என்பதாவது நினைவிருந்ததா? நீ இங்கே இல்லாவிட்டாலும் வருடா வருடம் அன்றைக்குக் கொடி ஏற்றி, காபி விருந்து வைத்து, ஊரையே கூப்பிடுவேன். இந்த வருடம் கொடியும் கிடையாது, கேக்கும் கிடையாது.

துகுமெக்

---

நூக்,
ஜூலை 9

அத்தைக்கு,

"மகளே" என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். இனிமேல் "நீங்கள்" என்றே எழுதுகிறேன். தம்பி மகன் என்றால் அப்படித்தானே எழுத வேண்டும்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பாதி நியாயம் என் பக்கமும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். படிப்புக்காகச் சின்ன வயதிலேயே ஊரைவிட்டு வந்தவன் நான். இங்கே தலைநகரில், சுற்றுலா அலுவலகத்தில் ஒருவர் ஜன்னலைப் பார்த்து வானிலை பேசினால் அது வானிலைதான். அன்றைக்கு அந்த அறையில் யாராவது ஒருவர் நம் வழக்கப்படி வேண்டாம் என்று மூக்கைச் சுருக்கியிருந்தால் போதும், எனக்குப் புரிந்திருக்கும். படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஒரு மூக்குகூட அசையவில்லையே அத்தை.

நான் ஊரில் இருந்தவரை கொம்பன்கள் ஜூலைக் கடைசியில் வந்துவிடும். இப்போது ஆகஸ்ட் நடுவில்தான் வருகின்றன என்பதை உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பனி குறைந்த வாரமாகப் பார்த்துத் தேதி கொடுத்தேன். ஊரைக் கெடுக்க வேண்டும் என்று கொடுக்கவில்லை.

ஏன் கப்பலைக் கூப்பிட்டேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. போன வருடம் வந்த கப்பலை யார் கூப்பிட்டார்கள்? யாரும் இல்லை. கடலுக்குக் கதவு கிடையாது. வடக்கே போக வேண்டும், வடக்கே போக வேண்டும் என்று ஏதாவது ஒரு கம்பெனிக்காரன் தினமும் என் மேஜைக்கு வந்து நிற்கிறான். நான் முடியாது என்றால் அவன் வராமல் இருந்துவிட மாட்டான், என்னைக் கேட்காமல் வருவான். நாம் சொல்கிறபடி நடக்கும் ஒரே ஒரு கப்பலை முதலில் வரவைத்து, இவிசாக்குக்கு வருவதென்றால் இப்படித்தான் வர வேண்டும் என்று காட்டிவிட்டால், மற்றவர்கள் வாயை அதை வைத்தே அடைக்கலாம். இதுதான் என் கணக்கு. இதற்காகத்தான் இந்த வேலையிலேயே சேர்ந்தேன்.

இப்போது ரத்து செய்தால் அந்தக் கேப்டன் என் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். அதனால் ரத்து செய்யப்போவதில்லை. அதற்குப் பதிலாக, வருகிறவர்கள் என்னென்ன செய்யக் கூடாது என்று நேராக எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து அதில் வானிலை வேண்டாம்.

கேக் கிடையாது என்ற வரியைப் படித்துவிட்டு, முப்பது வயதாகப் போகும் ஒருவன் ஆபீஸில் உட்கார்ந்து கண் கலங்கினான் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

காவிகாக்

---

இவிசாக்,
ஜூலை 20

காவிகாக்குக்கு,

நேராக எழுதச் சொல்கிறாய். எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரையும் நம் அடுக்களைக்குக் கூப்பிட்டு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மூக்கைப் பற்றி நீ எழுதிய இடம் வந்ததும் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உன் மாமாதான், "நான் சுருக்கலாம்னுதான் இருந்தேன். பையன் அவ்வளவு ஆசையாப் படம் காட்டிட்டு நிக்கிறான், எப்படிச் சுருக்க?" என்றார். "நீ சுருக்குவேன்னு நான் சும்மா இருந்துட்டேன்" என்றான் நீல்ஸ். எல்லோருமே இன்னொருவர் மூக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். என் மூக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, எழுதிக்கொள். கப்பல் செம்பாறை முனைக்கு அந்தப் பக்கமே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ரப்பர் படகு முனையைத் தாண்டக் கூடாது. பறக்கும் கேமரா கூடவே கூடாது. அந்த வாரம் நாங்களே மோட்டார் படகைத் தொடுவதில்லை, எல்லாம் கயாக்தான். நாய்களைக் கொண்டுபோய் மலைக்குப் பின்னால் கட்டுகிறோம். கூழாங்கல் கரையில் யாரும் நடப்பதில்லை, அந்தச் சரசரப்பு தண்ணீருக்குள் போய்விடும். அந்த வாரத்தில் நீ ஒருமுறை தண்ணீரில் கல் எறிந்து என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். அப்பனையே அடித்த மகள் என்று எனக்கு அப்போது பெயர் வந்தது.

ஆக, முனைக்கு அப்பால் இறங்கி மலையேறித்தான் ஊருக்குள் வர வேண்டும். நடக்க முடிந்தவர்கள் வரட்டும். வந்த பிறகு அவர்களை எங்கே வைப்பது? அதற்குத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை. அவ்வளவு பேரைப் பள்ளிக்கூடம் தாங்காது. இரண்டு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னால் மூன்றாவது நிமிடம் எங்கே எங்கே என்று கரைக்கு இறங்கிவிடுவார்கள். நீ அவர்களோடு பழகுகிறவன், உனக்கு ஏதாவது தோன்றினால் சொல்.

நீ எதற்காக அந்த வேலையில் சேர்ந்தாய் என்று எழுதியிருந்ததை உன் மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஆனால் விருந்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

துகுமெக்

---

நூக்,
ஆகஸ்ட் 10

அத்தைக்கு,

இந்தக் கடிதம் கப்பலிலேயே வருகிறது. பயணிகளுக்கு வழிகாட்டியாக வரும் இங்கெர் உங்கள் கையில் கொடுப்பாள். டென்மார்க்குக்காரி என்றாலும் நம் பேச்சும் பழக்கமும் தெரிந்தவள்.

நீங்கள் எழுதியது எல்லாவற்றுக்கும் கேப்டன் சம்மதித்துவிட்டார். நீல்ஸுக்கு ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டேன். பயணிகளையும் உட்கார வைத்துப் பேசினேன். "மலையேறிப் போகணும். போனாலும் ஒண்ணும் கண்ணுல படாம திரும்ப வேண்டியிருக்கும். அங்க வேட்டையும் நடக்கும், அது அவங்க சாப்பாடு. இதுக்கெல்லாம் சரின்னா வாங்க" என்றேன். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மிச்சப் பேர் வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

அவர்களை எங்கே வைப்பது என்பதற்கு எனக்கும் விடை கிடைக்கவில்லை. மலைச் சரிவிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். மழை பெய்தால் என்ன ஆகும் என்று இங்கெர் கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்து வானிலை பேசினேன்.

கப்பலில் எனக்கும் ஒரு இடம் வைத்திருந்தார்கள். நான் ஏறவில்லை. கொம்பன்கள் இந்த வருடமும் திரும்பிப் போய்விட்டால், உங்கள் முன்னால் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. அதுகூடப் பரவாயில்லை. நான் வாசலில் வந்து நின்று, நீங்கள் என்னை வெறும் "காவிகாக்" என்று கூப்பிட்டுவிட்டால் அதை எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. அதனால் இங்கேயே இருக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காவிகாக்

---

இவிசாக்,
ஆகஸ்ட் 19

காவிகாக்குக்கு,

முதலில் நீ மூச்சை விடு. கொம்பன்கள் வந்துவிட்டன. இனி நிதானமாகப் படி.

நேற்றுக் காலையிலேயே குடாவின் வாய்ப் பக்கம் அவை விடும் மூச்சு ஆவியாகத் தெரிந்தது. உன் மாமாவும் மற்றவர்களும் கயாக்கில் இறங்கி, பனிப்பாளங்களின் ஓரமாக ஒண்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கப்பல் முனைக்கு அந்தப் பக்கம் எப்போது வந்து நின்றது என்றே எனக்குத் தெரியாது. அவ்வளவு சத்தமில்லாமல் வந்திருக்கிறது. அந்தக் கேப்டனை எனக்குப் பிடித்துவிட்டது.

உன் ஆட்கள் மலையேறி வந்து, சொன்னபடி சரிவில் உட்கார்ந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாகச் சட்டை போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பரவாயில்லையே என்று நான் நினைத்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறலாக இருந்தால் பரவாயில்லை, நல்ல மழை, காற்றும் சேர்ந்துகொண்டது. பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? வழுக்க ஆரம்பித்ததும் எழுந்து கீழே இறங்கினார்கள். கீழே நேராகக் கூழாங்கல் கரை. ஒவ்வொருவர் காலிலும் இரும்பு மாதிரி ஒரு பூட்ஸ். கொம்பன்கள் அப்போதுதான் குடாவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. கயாக்கில் இருந்து உன் மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இனி ஒருமுறை பார்க்க விரும்பவில்லை.

என்னால் கத்த முடியாது, கத்தினால் கொம்பன்களுக்கும் கேட்கும். ஓடிப்போய்த் தடுக்கவும் முடியாது, குறுக்கே அதே கல்தான், மேலே புல்வழியாகச் சுற்றிப் போக நேரமில்லை. வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கதவுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த கொடி கண்ணில் பட்டது. எடுத்துக் கம்பத்தில் ஏற்றினேன். கதவை அகலமாகத் திறந்து வைத்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். பக்கத்து வீட்டுக்காரி கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். உள்ளே போய் அவள் கொடியையும் கொண்டுவந்து ஏற்றினாள். அடுத்து நீல்ஸ் கடையில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கக் கொடி, ஊர் முழுக்கத் திறந்த கதவு. நேற்று இவிசாக்கில் எல்லோருக்கும் பிறந்தநாள்.

அந்த இங்கெர் பெண் கெட்டிக்காரி. கொடி ஏறிய வீட்டுக்குள் யாரும் வரலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் ஆள் கல்லில் கால் வைக்கப் போகும்போது அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, புல்வழியாகவே எல்லோரையும் வீடுகளுக்குத் திருப்பிவிட்டாள். வாசலில் வந்ததும் எங்கள் பிள்ளைகள் அவர்கள் காலையே பார்த்தார்கள். கழற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள். அப்புறம் என்ன, அத்தனை பூட்ஸும் வாசலில், அத்தனை பேரும் காலுறையில். பூட்ஸ் இல்லாதவன் எங்கே போய் எந்தக் கல்லை மிதிப்பான்? ஒரு மாதமாக எனக்கும் உனக்கும் பிடிபடாத விடை, என் வாசலில் இத்தனை வருடமாகக் கிடந்திருக்கிறது.

நம் வீட்டில் மட்டும் நெருக்கியடித்து ஒரு கூட்டம். பெரிய மனிதர் போல வந்த ஒரு கிழவரின் காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவர் அதை மறைக்க இன்னொரு காலை அதன் மேல் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காபி கொடுத்தேன், கேக் கொடுத்தேன்.

கேக் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். முந்தின நாளே செய்துவிட்டேன். ஏன் என்று மட்டும் கேட்காதே. கோபம் வேறு, மாவு வேறு.

அப்போது ஜன்னலுக்கு வெளியே அந்த மூச்சு கேட்டது. உனக்குத்தான் அந்தச் சத்தம் தெரியுமே. வீட்டில் ஒரு கரண்டிகூடக் கோப்பையில் படவில்லை. ஒருவன் கேமராவை எடுத்தான். பக்கத்தில் நின்ற பெண் அவன் கையைத் தொட்டாள், அவன் உள்ளே வைத்துவிட்டான். கொம்பன்கள் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நான் பார்த்து நெடுநாளாகிறது. ஒன்றன் பின் ஒன்றாகக் கொம்பு வெளியே வந்து உள்ளே போனது. சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி கோப்பையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

உன் மாமா ஈட்டியை எறிந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கரையில் வைத்து அறுத்துப் பங்கு போட்டபோது, அவளே வந்து ஒரு துண்டு மட்டாக் கேட்டு வாங்கி, ரொம்ப நேரம் மென்றாள். "எப்படி இருக்கு?" என்று உன் மாமா கேட்டார். "முடிஞ்சதும் சொல்றேன்" என்றாளாம். இந்தக் குளிர்காலத்துக்கு ஊருக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. தெற்கே போவதாகச் சொன்ன இரண்டு வீட்டுக்காரர்களும் பங்கை உலர்த்தக் கட்டிவிட்டார்கள்.

கிளம்பும்போது இங்கெர் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். அங்கேயே நின்று படித்தேன். நீ கப்பலில் ஏறாத காரணம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை படித்தேன்.

"இன்னைக்கு உங்க வீட்ல யாருக்குப் பிறந்தநாள்?" என்று இங்கெர் கேட்டாள். எல்லோரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

"எங்க அப்பாவுக்கு" என்றேன்.

"அப்படியா, எத்தனை வயசு ஆகுது?"

"முப்பது."

அவள் அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். அந்த ஓட்டைக் காலுறைக் கிழவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், மறுபடி இங்கெரைப் பார்த்தார். நான் விளக்கவில்லை.

உன் மகள்,
துகுமெக்

---

நூக்,
செப்டம்பர் 10

மகளே,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். ஆபீஸில் யாரோ உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். "என் பொண்ணு லெட்டர் போட்டிருக்கா" என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நானும் விளக்கவில்லை.

நீ அனுப்பிய மட்டாக் வந்து சேர்ந்தது. பங்கு கேட்டவர்களுக்குக் கொடுத்தேன், நிறையக் கொடுக்கவில்லை.

கேப்டன் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார்போல. இன்னும் நிறையக் கப்பல்கள் அதே வாரம் வேண்டும் என்று கேட்கின்றன. எல்லோருக்கும் ஒரே பதில்தான் எழுதினேன். கொம்பன்கள் வரும் வாரத்தில் ஊர் கூப்பிட்டால் ஒரு கப்பல் வரலாம். முனைக்கு அப்பால் நிற்க வேண்டும், மலையேறி வர வேண்டும், வீட்டுக்குள் நல்ல பிள்ளையாக உட்கார வேண்டும். காலுறையில் ஓட்டை இருக்கக் கூடாது என்றும் சேர்த்தேன், மேலதிகாரி அதை மட்டும் அடித்துவிட்டார். கூப்பிடாமல் வந்த அந்தப் பழைய கப்பலின் கம்பெனிகூட இந்த முறை அனுமதி கேட்டு எழுதியிருக்கிறது. அதை என்ன செய்வது என்று ஊர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் யாரும் மூக்கைச் சுருக்கிச் சிரமப்பட வேண்டாம். யூலுட் ஜன்னலைப் பார்த்தாலே போதும், கப்பலைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கூட்டம் வரைக்கும் காத்திருக்க எனக்கு மனம் இல்லை. இருட்டு மாதங்கள் தொடங்குவதற்குள் வருகிறேன், ஹெலிகாப்டரில் இடம் போட்டாயிற்று. கப்பலில் ஏறாமல் விட்டதை நினைத்து எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. என் பிறந்தநாளுக்கு ஊரே கொடி ஏற்றியிருக்கிறது, நான் மட்டும் அங்கே இல்லை.

போன தடவை கயாக்கில் போனபோதும் உன்னிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பேன். வரவில்லை. முப்பது வருடமாக உன்னைக் காக்க வைத்துவிட்டேன், மகளே. இந்தத் தடவை வந்துவிடுவேன். வாசலில் என் பூட்ஸுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வை.

உன் அப்பா,
காவிகாக்